பிஸ்கட் டின்னில் கிடைத்த கடிதத்தை ஆய்வேட்டில் சான்று காட்டுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், தமிழர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டுச் சமையலறை. அந்த வீட்டு ஆன்ட்டி பழைய பேக்கர்ஸ் பிஸ்கட் டின் ஒன்றை மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே தமிழில் எழுதிய ஏழெட்டுக் கடிதங்கள், கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்றிதழ் ஒன்று, கோயில் நன்கொடை ரசீதுகள், பின்பக்கம் பென்சிலில் ஏதோ கிறுக்கிய போட்டோக்கள். நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்து படித்தேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது: "ஆன்ட்டி வீட்டுக் கடிதம், நீல மை, தம்பி கல்யாணச் செலவு பற்றி."

அவ்வளவுதான் எழுதினேன். இரண்டு வருடம் கழித்து அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டியபோது தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "இது இப்போது எங்கே இருக்கிறது?" அதற்குள் வீட்டை விற்றுவிட்டார்கள். பழைய சாமான்களோடு டின்னும் போய்விட்டது. யார் எழுதியது, என்ன தேதி, எத்தனை பக்கம் என்று எதுவும் என்னிடம் இல்லை. அந்தப் பத்தியையே எடுக்க வேண்டியதாயிற்று.

அச்சில் வராத சான்றுகளைப் பற்றிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் கமா எங்கே, அடைப்புக்குறி எங்கே என்றுதான் கேட்கிறார்கள். அதெல்லாம் கடைசி வேலை. முக்கால்வாசி வேலை அந்தச் சமையலறை மேசையிலேயே, கடிதம் கையில் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: இன்னொருவர் போய்ப் பார்க்க முடியுமா?

எந்தச் சான்றாக இருந்தாலும் முதலில் இதைக் கேளுங்கள். பதிலைப் பொறுத்துத்தான் அது எங்கே, எப்படி வரும் என்பது முடிவாகும்.

யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்றால், உதாரணமாக பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் இந்தியக் குடியேற்றக் கோப்பு என்றால், அது அச்சில் வராததுதான், ஆனால் தனிப்பட்டது அல்ல. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்தூலி ஆவண மையம், டர்பன் பெரியாவில் இருக்கும் கில்லி கேம்பெல் நூலகம் ஆகியவற்றில் உள்ளவையும் இப்படித்தான். இவற்றுக்கு முழு முகவரி கொடுத்து நூற்பட்டியலில் சேர்க்க வேண்டும்.

ஒருவருடைய வீட்டில் இருக்கிறது, அவர் மனசு வைத்தால் காட்டுவார் என்றால் அது தனியார் வசம் உள்ள ஆவணம். ஃபோனில் சொன்னார், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார், ஈமெயில் போட்டார் என்றால் உங்களைத் தவிர யாராலும் பார்க்க முடியாது. அது தனிப்பட்ட தொடர்பு. உங்கள் ஆய்வுக்காகவே, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி நீங்கள் எடுத்த நேர்காணல் வேறொரு வகை. அதையும் தனிப்பட்ட தொடர்பையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அதைப் படி 5-ல் பார்ப்போம்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் இருப்பதெல்லாம் அச்சில் வராதது ஆகிவிடாது. பழைய நோட்டில் ஒட்டி வைத்த பத்திரிகைத் துண்டுகள் நிறையக் கிடைக்கும். 1903-ல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' ஆரம்பத்தில் நான்கு மொழிகளில் வந்தது, அதில் தமிழும் ஒன்று. தாத்தாவின் நோட்டில் ஒட்டியிருக்கும் துண்டு அந்தப் பத்திரிகையிலிருந்து வந்தது என்றால், இதழையும் தேதியையும் தேடிப் பிடித்துப் பத்திரிகையையே சான்றாகக் காட்டுங்கள். அவர் ஓரத்தில் எழுதி வைத்த குறிப்புதான் தனியார் ஆவணம்.

படி 2: மேசையிலேயே எழுதிக்கொள்ள வேண்டியவை

கடிதம் ஒன்றுக்கு ஒரு தாள். நான் இப்போது வைத்திருக்கும் படிவம் இது:

- யார் எழுதியது, யாருக்கு, என்ன உறவு
- கடிதத்தில் எழுதியிருக்கும் தேதி, எழுத்துக்கு எழுத்து அப்படியே
- உறையில் உள்ள அஞ்சல் முத்திரை, அஞ்சல்தலை
- எத்தனை தாள், எத்தனை பக்கம், எந்த மொழி, கையெழுத்தா தட்டச்சா
- முதல் வரி, முகமன் விட்டுவிட்டு
- இப்போது யார் வசம், எந்த ஊர், நான் பார்த்த நாள்
- போட்டோ எடுத்தேனா, கோப்பின் பெயர் என்ன, எடுக்கவும் பயன்படுத்தவும் யார் அனுமதி தந்தது

முதல் வரியை எழுதும்போது முகமனை விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "மகாராஜராஜஸ்ரீ... அநேக நமஸ்காரம், இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விட க்ஷேமத்துக்கு எழுதவும்" என்றே எட்டுக் கடிதமும் தொடங்கும். அதை வைத்து ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்க முடியாது. "கல்யாணத்துக்கு அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது" என்ற வரிதான் அடையாளம்.

படம் எடுக்கும்போது உறையின் இரண்டு பக்கத்தையும் எடுங்கள். வெற்றுப் பக்கம் என்று நினைத்து விட்டதில்தான் பின்னால் வேண்டிய விஷயம் இருக்கும். கோப்புக்கு 'படம் 4471' என்று ஃபோன் வைக்கும் பெயரை விடாமல், அன்று இரவே ஊர், தேதி, வரிசை எண் போட்டு மாற்றிவிடுங்கள். நாளைக்கு என்று வைத்தால் நடக்காது.

படி 3: தேதி

இந்த ஒரு படியில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பழைய தமிழ்க் கடிதத்தின் தலையில் இப்படி இருக்கும்: "ரௌத்திரி௵ கார்த்திகை௴ 5௳". அந்தச் சுழிகள் முறையே வருடம், மாதம், தேதி என்பதன் குறிகள். தமிழ் அவ்வளவாகப் படிக்கத் தெரியாத டர்பன் மாணவர் அவற்றை ஏதோ கையெழுத்து என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார். ஒருவர் "தேதியில்லை" என்றே எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, படித்தாயிற்று. ஆனால் எந்த ரௌத்திரி? தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். 1860 ஏப்ரலில் தொடங்கியது ஒரு ரௌத்திரி, 1920-ல் ஒன்று, 1980-ல் இன்னொன்று. கடிதம் நேட்டாலில் (டர்பன் இருக்கும் பகுதி) இருக்கும் அண்ணனுக்கு எழுதியது. 1860 கார்த்திகை என்றால் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு மெட்ராஸிலிருந்து வந்த முதல் கப்பலான ட்ரூரோ டர்பனில் கரை சேர்ந்த சமயம். அது வந்தது நவம்பர் 16. கப்பலிலிருந்து இறங்கியவருக்கு அதே வாரத்தில் ஊரிலிருந்து யாரும் "போன வருஷம் நீ அனுப்பிய பணம்" என்று எழுத முடியாது. 1980 என்றால் எழுதியவர் உயிரோடு இல்லை என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். உறையில் ஐந்தாம் ஜார்ஜ் தலை ஒட்டியிருக்கிறது, அவர் ஆட்சி 1910 முதல் 1936 வரை. ஆகவே 1920. கார்த்திகை நவம்பர் நடுவில் பிறப்பதால் ஐந்தாம் தேதி நவம்பர் 20-ஐ ஒட்டி வரும். சரியான நாள் வேண்டுமென்றால் அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும்.

இதைச் சான்றில் காட்டும்போது கடிதத்தில் இருப்பதை முதலில் எழுதி, நீங்கள் கணக்கிட்டதைச் சதுர அடைப்புக்குள் கொடுங்கள்: ரௌத்திரி வருடம் கார்த்திகை 5 [1920 நவம்பர் 20-ஐ ஒட்டி]. சதுர அடைப்பு என்றாலே 'இது ஆவணத்தில் இல்லை, நான் சேர்த்தது' என்று அர்த்தம். எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதை ஒரே ஒரு அடிக்குறிப்பில் சொல்லிவிட்டால் போதும். தேதியே இல்லையென்றால் 'தேதியில்லை' என்று எழுதலாம். ஆனால் உறை, தலை, உள்ளே பேசும் சங்கதி எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் அப்படி எழுத வேண்டும்.

படி 4: கேட்டு வாங்க வேண்டியவை

மூன்று விதமான அனுமதி இருக்கிறது. ஒன்று கிடைத்தால் மற்றதும் கிடைத்த மாதிரி என்று நினைக்கக் கூடாது.

முதலாவது பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். மனிதர்களிடம் பேசித் தகவல் எடுக்கிறீர்கள் என்றால் பேசுவதற்கு முன்பே இது வேண்டும். பேசி முடித்துவிட்டுப் பின்தேதியில் கேட்டால் பொதுவாகத் தரமாட்டார்கள். கோயில், சங்கம் போன்ற அமைப்பின் ஏடுகளைப் பார்ப்பதாக இருந்தால் அந்த அமைப்பிடம் 'கேட்கீப்பர் லெட்டர்', அதாவது எழுத்தில் அனுமதி, வாங்கி வரச் சொல்வார்கள். செயலாளர் "அதுக்கென்ன தம்பி, வந்து பாரு" என்று வாயால் சொன்னது போதாது. கமிட்டி மாறினால் அந்த வாய்ச்சொல்லும் போய்விடும்.

இரண்டாவது போப்பியா, அதாவது 2013-ம் ஆண்டின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம். தனிமனிதர்களைப் பொறுத்தவரை இது உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். 1885-ல் வந்து இறங்கியவரின் பெயருக்கு இது தடையில்லை. ஆனால் அவருடைய பேத்தி உயிரோடு இருக்கிறார், பாட்டியைப் பற்றிய சான்றில் பேத்தியின் நோய், மதம், முகவரி எல்லாம் வருகிறது என்றால் சட்டம் வந்துவிடும். சட்டத்துக்கு அப்பால் ஒன்று: கப்பல் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடல் அடையாளம் ஆகியவற்றோடு சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது. அந்தப் பதிவேடு பொதுவில் கிடைப்பதுதான். இருந்தாலும் இன்று வேறு குடும்பப் பெயரோடு வாழும் ஒரு குடும்பத்தைப் பெயர் சொல்லி அந்தக் கட்டத்தோடு கோப்பது தேவையா என்று இரண்டு தடவை யோசியுங்கள். நான் இரண்டு முறை அதை நீக்கியிருக்கிறேன். வாதம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மூன்றாவது பதிப்புரிமை. இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். காகிதம் வாங்கியவருக்குச் சொந்தம், வாசகம் எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் சொந்தம். டின்னை வைத்திருக்கும் ஆன்ட்டி பார்க்க விடலாம், படமெடுக்க விடலாம், முழுக் கடிதத்தையும் அச்சிட உரிமை தர அவரால் முடியாமல் போகலாம். தென்னாப்பிரிக்காவின் 1978-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பொதுவான காலம் எழுதியவர் இறந்து 50 ஆண்டு. ஆனால் அவர் வாழ்நாளில் வெளிவராத எழுத்துக்கு, முதன்முதல் வெளியான வருட முடிவிலிருந்துதான் அந்த 50 ஆண்டு ஓடத் தொடங்கும். வெளியாகவே இல்லையென்றால் கணக்கே தொடங்காது. அதோடு, மேற்கோளுக்கான விதிவிலக்கு ஏற்கெனவே முறைப்படி பொதுமக்களுக்குக் கிடைக்கும் படைப்பைப் பற்றியே பேசுகிறது. அதனால் வீட்டுக் கடிதத்திலிருந்து நீண்ட பகுதியை எடுத்துப் போடுவதைவிட, சொந்த வார்த்தையில் சுருக்கிச் சொல்லி, வேண்டிய ஒன்றிரண்டு வரியை மட்டும் மேற்கோளாக்குவது நல்லது. பின்னால் புத்தகமாக வந்தால் வாரிசுகளிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: வடிவம்

இப்போதுதான் கமாவுக்கு வருகிறோம். இங்கே ஆய்வேட்டைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். வடிவம் புரிவதற்காகத் தமிழில் காட்டுகிறேன். பெயர் ஏதாவது வேண்டுமே, அ. பிள்ளை என்று வைத்துக்கொள்வோம்.

ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடை) ஏழாம் பதிப்பு: மற்றவர் தேடிப் பார்க்க முடியாத எதுவும் நூற்பட்டியலில் வராது. ஃபோன், ஈமெயில், வாட்ஸ்அப் எல்லாம் உரைக்குள் மட்டும், முழுத் தேதியோடு: (அ. பிள்ளை, தனிப்பட்ட தொடர்பு, 14 மார்ச் 2023). காப்பகக் கடிதம் என்றால் நூற்பட்டியலில் சேரும். தலைப்பு இல்லாததால் விவரத்தைச் சதுர அடைப்பில் தர வேண்டும்: பிள்ளை, அ. ([1920, நவம்பர் 20-ஐ ஒட்டி]). [அண்ணனுக்கு எழுதிய கடிதம்]. அதற்குப் பின் தொகுப்பு, பெட்டி, கோப்பு எண், காப்பகம், ஊர்.

மேலே சொன்ன குழப்பம் இங்கேதான். உங்கள் ஆய்வில் பங்கேற்றவர் சொன்னதைத் 'தனிப்பட்ட தொடர்பு' என்று போடக் கூடாது. அவர் உங்கள் தரவு. அவர் சொன்னதை எழுதிவிட்டு, 'பங்கேற்பாளர் 7' என்றோ புனைபெயரிலோ சுட்டி, நேர்காணல் எப்படி எடுத்தீர்கள் என்பதை ஆய்வுமுறை அத்தியாயத்தில் விளக்கினால் போதும். பெயரை மறைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அடைப்புக்குறிக்குள் பெயரும் தேதியும் போட்டு மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். மறைத்தது போதுமா என்றும் பாருங்கள். 'டொங்காட்டைச் சேர்ந்த எண்பத்திரண்டு வயது முன்னாள் கோயில் தர்மகர்த்தா' என்றால் ஊரே பெயரைச் சொல்லிவிடும்.

எம்எல்ஏ (சட்டமன்ற உறுப்பினர் அல்ல, நவீன மொழிகள் சங்கத்தின் நடை) இதற்கு நேர்மாறு. உங்களுக்கு வந்த கடிதமும் நீங்கள் எடுத்த நேர்காணலும் பட்டியலில் வரலாம்: பிள்ளை, அ. ஆசிரியருக்கு எழுதிய கடிதம். 14 மார்ச் 2023.

வரலாற்றுத் துறையில் இருந்தால் சிகாகோ நடைதான் நிம்மதி. அடிக்குறிப்பில் வேண்டியதைச் சொல்ல இடம் உண்டு: அ. பிள்ளை அண்ணனுக்கு எழுதிய கடிதம், ரௌத்திரி வருடம் கார்த்திகை 5 [1920 நவம்பர் 20-ஐ ஒட்டி], குடும்பக் கடிதக் கட்டு, தனியார் வசம், சாட்ஸ்வொர்த், நிழற்படம் ஆய்வாளரிடம். தனித்தனிக் கடிதங்களை நூற்பட்டியலில் போட வேண்டியதில்லை, தொகுப்பை மட்டும் போடலாம்.

ஹார்வர்ட் நடை என்று ஒரே விதி கிடையாது. ஒவ்வொரு துறையும் ஒன்று வைத்திருக்கும். துறையின் கையேட்டை வாங்கி, 'தனிப்பட்ட தொடர்பு' என்ற பகுதியைப் படித்துவிட்டு, கையேட்டில் இல்லாததை நெறியாளரிடம் ஈமெயிலில் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும்.

படி 6: காப்பகக் கோப்பின் முகவரி

தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடல் பட்டியலான நாய்ர்ஸில் (NAAIRS) தேடினால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சின்ன அட்டவணை வரும். காப்பகத்தின் குறியீடு என்.ஏ.பி (NAB) என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க். மூலம் ஐ.ஐ என்றால் இந்தியக் குடியேற்றத் துறை. பிறகு தொகுதி எண், கோப்பின் குறிப்பு எண். வகை என்ற இடத்தில் 'லியர்' என்று இருக்கும். யாரோ ஒருவர் பெயர் என்று நினைத்து அதையும் சான்றில் சேர்த்த மாணவர் உண்டு. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அதற்குக் கோப்பு என்றுதான் பொருள். அதை விட்டுவிட்டுக் காப்பகம், மூலம், தொகுதி, குறிப்பு எண், ஆண்டு ஆகிய ஐந்தையும் எழுதினால் இன்னொருவர் நேராகப் போய் அதே கோப்பை வாங்கிப் பார்க்கலாம்.

பதிவேட்டு ஆட்களைச் சுட்டும்போது பெயரோடு அவர்களுக்குக் கொடுத்த கொலோனியல் நம்பரையும் போடுங்கள். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் 1,52,184 பேர். அதில் முனுசாமி எத்தனை, மாரியம்மா எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். ஒரே ஆளின் பெயரையே எழுத்தர்கள் வெவ்வேறு தாளில் வெவ்வேறு விதமாக எழுதியிருப்பார்கள். ஆவணத்தில் உள்ள எழுத்தை மாற்றாதீர்கள். குடும்பம் இன்று எழுதும் வடிவத்தைப் பக்கத்தில் சதுர அடைப்பில் கொடுங்கள்.

படி 7: வகையில் அடங்காத சில

கோயில் கமிட்டி கூட்டக் குறிப்பேடு: அமைப்பின் பெயர்தான் ஆசிரியர் இடத்தில். கூட்டம் நடந்த தேதி, குறிப்பேட்டின் ஆண்டு, பக்கம், யார் வசம். பக்க எண் இல்லாவிட்டால் தீர்மான எண் போதும்.

தெருக்கூத்து நோட்டு: இது சிக்கலானது, எனக்குப் பிடித்ததும்கூட. வாத்தியார் கையால் எழுதிய நோட்டில் பாதிப் பாட்டு ஊரிலிருந்து வந்த பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதியதாக இருக்கும், பாதி இங்கே கட்டியதாக இருக்கும். 'எழுதியவர்' என்று அவரைச் சொன்னால் முழுதும் அவர் இயற்றியது ஆகிவிடும். 'கையெழுத்துப்படி, இன்னார் கையால்' என்று சொல்லுங்கள். அச்சுப் புத்தகத்தில் இருக்கும் பாட்டு என்று தெரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வகுப்புக் குறிப்பு, ஸ்லைடு: வாசகர்களாலும் அந்தப் பல்கலைக்கழகத் தளத்துக்குள் நுழைய முடியும் என்றால் வழக்கம்போல் சான்று காட்டலாம். இல்லையென்றால் தனிப்பட்ட தொடர்பு. ஆனால் விரிவுரையாளர் சொன்ன விஷயம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அவரிடமே கேட்டு அந்தப் புத்தகத்துக்குப் போவதுதான் மேல்.

வெளிவராத ஆய்வேடு: பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இருந்தால் அதன் இணைப்பைக் கொடுங்கள். நண்பர் அனுப்பிய வரைவு என்றால் அவரிடம் கேட்காமல் சுட்டாதீர்கள், சமர்ப்பிப்பதற்கு முன்னால் அவரே கருத்தை மாற்றியிருக்கலாம்.

வாட்ஸ்அப் குரல் பதிவு: சொன்னவர் யார், எந்த நாள், எத்தனையாவது நிமிடம் என்று குறித்து, அன்றே எழுத்தாக்கி வையுங்கள். குடும்பக் குழுவில் ஃபார்வர்டு ஆகி வந்தது என்றால் முதலில் பேசியவர் யார் என்று கண்டுபிடிக்கும்வரை அது சான்றே அல்ல.

படி 8: தமிழை எப்படிக் காட்டுவது

மேற்கோளை ஆங்கிலத்தில் கொடுத்தால் 'மொழிபெயர்ப்பு என்னுடையது' என்று ஒரு இடத்தில் சொல்லுங்கள். வேறு யாராவது படித்துச் சொல்லியிருந்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள். இங்கே பல மாணவர்களுக்கு ஆயாவோ பக்கத்து வீட்டு அங்கிளோதான் கடிதத்தைப் படித்துக் காட்டுகிறார்கள். அதை மறைப்பதில் பெருமை இல்லை. மூலத் தமிழைப் பின்னிணைப்பில் கொடுத்துவிட்டால் தமிழ் தெரிந்த தேர்வாளர் ஒருவர் வாய்த்தால் சரிபார்த்துக்கொள்வார். ஒலிபெயர்ப்புக்கு ஒரே முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் அத்தியாயத்தில் ஒரு ஊர்ப் பெயர், மூன்றாவதில் வேறு எழுத்தில் அதே பெயர் என்று வந்தால் படிப்பவர் இரண்டு ஊர் என்று நினைப்பார்.

சமர்ப்பிக்கும் முன் ஒரு ஃபோன்

தனியார் வசம் என்று எழுதிய ஒவ்வொன்றுக்கும் அந்த வீட்டுக்கு ஒரு முறை பேசுங்கள். டின் அங்கேயே இருக்கிறதா, யாரிடமாவது போய்விட்டதா என்று கேளுங்கள். சில குடும்பங்கள் இடையில் மனம் மாறி, ஆவண மையத்துக்கோ டர்பன் 1860 பாரம்பரிய மையத்துக்கோ கொடுத்திருப்பார்கள். அப்படியென்றால் 'தனியார் வசம்' என்பதை எடுத்துவிட்டு, அங்கே கொடுத்த சேர்க்கை எண்ணை வாங்கிப் போட வேண்டும். சான்று படி 1-ல் இருந்த வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிட்டது. ஏபிஏ என்றால் இப்போது அது நூற்பட்டியலுக்கும் வரும். அப்படியே அந்த ஆன்ட்டிக்கு ஆய்வேட்டில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பட்டமளிப்புக்கு அப்புறம் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.